நங்கூரம் குடித்த மருந்து

ஸுஹறாவும் நானும் ஒரே வருஷத்தில் தாராபுரத்துக்கு மருமக்களாக வந்தவர்கள். அவள் முசலிப் பக்கம், நான் மன்னார்ப் பட்டினம். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு பனையோலை வேலி, அவ்வளவுதான். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். ஆகவே அவளைப் பற்றி ஊரில் யார் என்ன கதை சொன்னாலும் நான் சொல்வதுதான் சரி. செடிகொடிக்குப் பார்க்கிற இலை வைத்தியம் அவளுக்குக் கனவில் வந்தது என்று ஒரு கதை இருக்கிறது. பொய். அது வேலி ஓட்டை வழியாக வந்தது.

வருஷக் கணக்கு கேட்டால் எனக்குத் தெரியாது. லண்டனில் புது ராசாவுக்கு முடிசூட்டினார்கள் என்று மன்னார் அரசாங்கக் கச்சேரியில் கொடி கட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார்களே, அந்த வருஷத்து மாரி. ஸுஹறாவுக்கு அப்போது பத்தொன்பது வயது இருக்கும். பனை போல உயரம். அவள் சிரித்தால் தெருவில் நிற்கிற கழுதைகள் காதை நிமிர்த்தும். மாப்பிள்ளை வஸீர் தலைமன்னார் இறங்குதுறையில் வேலை. வெள்ளிக்கிழமைக்குத்தான் வீட்டுக்கு வருவார். மற்ற ஆறு நாளும் வீட்டில் அவளும் அவளுடைய மாமனார் பக்கீரும்.

பக்கீர் மாமா கருவாட்டு வியாபாரி. நல்ல மனிதர், ஆனால் அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை மாற்ற அவராலேயே முடியாது. கிணற்றடியில் இருந்த வெறும் காணியில் தென்னம்பிள்ளை வைப்பேன் என்று சொல்லி வைத்திருந்தார். ஸுஹறாவோ கலியாணச் சீலையின் முந்தானையில் விதை முடிந்துகொண்டு வந்தவள். அவளுடைய வாப்பா குளத்தடியில் தோட்டம் செய்தவர். அவளுக்கு மண்ணைக் கண்டால் கை சும்மா இராது.

"மாமா, அந்தக் காணியை எனக்குத் தாங்கோ. புடலங்காய் போடுறன்."

"இந்த மணல்ல புடலங்காயோ? கடல்ல கத்தரி நடுறன் எண்டு சொல்லு புள்ள, அதையெண்டாலும் நம்புவன்."

"ஒரு மாரி மட்டும்."

பக்கீர் மாமா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சரி. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னம் பத்துப் புடலங்காய் மன்னார்ச் சந்தைக்குப் போகவேணும். பத்து. ஒன்பது எண்டாலும் பெருநாள் கழிஞ்ச அடுத்த நாள் பந்தலைப் பிரிச்சுத் தென்னம்பிள்ளை வைப்பன். பிறகு எனக்கு முன்னால கண்ணைக் கசக்கக் கூடாது."

"கசக்க மாட்டன்," என்றாள். அந்தப் பேச்சுக்கு நான்தான் சாட்சி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று முழுவதையும் கேட்டேன்.

முதல் மழையோடு விதைத்தாள். கருவாடு கழுவின தண்ணீரை மணலுக்கு ஊற்றி ஊற்றி, ஆட்டுப் புழுக்கையைப் புதைத்துப் புதைத்து, அந்த மணலையே மண் என்று நம்ப வைத்துவிட்டாள். கொடி பந்தலில் ஏறிப் பரந்தது. பக்கத்தில் கொஞ்சம் கத்தரியும் மிளகாயும். புடலம் பிஞ்சு சுருண்டு வளராமல் நேராகத் தொங்குவதற்கு நுனியில் கல் கட்டுவார்கள் அல்லவா? தாராபுரத்து மணலில் கல்லுக்கு எங்கே போவது? அவள் பழைய வலையில் கிடந்த ஈயக் குண்டுகளை அறுத்து ஒவ்வொரு பிஞ்சுக்கும் ஒன்று கட்டினாள். பந்தலைப் பார்த்தால் யாரோ ஆகாயத்துக்கு வலை வீசியிருப்பது போல இருந்தது. எங்களுக்கு அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு ஒரு கிழமைதான். ஒரு காலையில் இலைகளில் மஞ்சள் புள்ளி. மூன்றாம் நாள் புள்ளி பழுப்பாகி, இலை அப்பளம் மாதிரிக் கருகியது. பிஞ்சுகள் ஈயக் குண்டோடு பொத்துப் பொத்தென்று மணலில் விழுந்தன.

ஊர் முழுக்க வைத்தியர்தான். ஒருத்தி கண்ணூறு என்றாள். ஒருத்தர் உப்புக் காற்று என்றார். நான் கருவாட்டுத் தண்ணீர்தான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். சொன்னதை மறைப்பானேன், அது என் பிழை. பக்கீர் மாமா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தென்னம்பிள்ளை நல்லதாக எங்கே கிடைக்கும் என்று போகிற வருகிற ஆட்களிடம் விசாரித்துக்கொண்டு இருந்தார், அதுவும் ஸுஹறாவுக்குக் கேட்கும்படி. அவள் சாம்பல் தூவினாள், வேப்பிலை கட்டினாள், கொடியோடு சண்டை கூடப் பிடித்தாள். ஒன்றுக்கும் நோய் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து மன்னாரிலிருந்து விவசாயக் கந்தோர் ஐயா ஒருவர் வந்தார். எமிலியானுஸ் என்று பெயர். சைக்கிளில் வந்தார் என்று சொல்ல முடியாது; எங்கள் மணலில் சைக்கிள்தான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தது. பக்கீர் மாமா அவரைத் தெரு வேலிக்கு வெளியே பூவரச மர நிழலில் கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தார். ஸுஹறா புது மருமகள்; அந்நிய ஆம்பிளைக்கு முன்னால் வரக்கூடாது. ஐயாவும் வீட்டின் பின்பக்கக் கோடிக்குள் வர முடியாது. எனவே நோயாளி வேலிக்கு உள்ளே, வைத்தியர் வேலிக்கு வெளியே.

ஸுஹறா என்ன செய்தாள்? ஓலையில் விரலை விட்டு ஓர் ஓட்டை போட்டாள். அது வழியாக ஒரு புடலம் இலையை வெளியே நீட்டினாள். நான் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "தங்கச்சி, இலையின்ர முகத்தைக் காட்டுறீங்கள். எனக்கு முதுகைக் காட்டுங்கோ."

அவள் இலையைத் திருப்பினாள். எனக்குச் சிரிப்பு வந்து அவளுடைய சீலையைக் கடித்துக்கொண்டேன்.

"ஆ, இதுதான். நீங்களும் பாருங்கோ. மேல மஞ்சள், கட்டங் கட்டமா இருக்கும். நரம்பைத் தாண்டாது, நரம்புக்கு நரம்பு நிண்டிடும். காலமை பனி ஈரத்தோட முதுகைப் பாத்தால் நரைச்ச பூஞ்சணம் தெரியும். கண்ணூறும் இல்லை, உப்புக் காத்தும் இல்லை. இது பூஞ்சண நோய். மழையும் பனியும்தான் இதுக்குச் சாப்பாடு."

அடுத்தது ஒரு கத்தரி இலையை நீட்டினாள்.

"இது நோயில்லை. பேன்."

"இலைக்கும் பேனோ ஐயா?"

"ஓம். முதுகில கும்பலா இருந்து சாறு குடிக்குது. புகையிலையை ஊறப் போட்டு, அந்தத் தண்ணியில சவுக்காரம் கரைச்சுத் தெளியுங்கோ. தலைக்குப் போட்டிடாதேங்கோ."

மூன்றாவது மிளகாய் இலை. சுருண்டு, கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது.

"இதுக்கு மருந்தில்லை தங்கச்சி. செடியோட பிடுங்கி எரிச்சுப் போடுங்கோ."

"பூ வந்திருக்குதே ஐயா."

"பூவைப் பாத்து இரக்கப்பட்டால் மற்றச் செடியெல்லாம் சுருண்டு போகும்."

அன்று பின்னேரமே நாலு மிளகாய்ச் செடியைப் பிடுங்கி எரித்தாள். பிடுங்கும்போது அவள் முகத்தை நான் பார்த்தேன்; அதைப் பற்றி இங்கே சொல்லத் தேவையில்லை.

புடலுக்கு என்ன மருந்து என்பதை ஐயா வேலியோடு வாயை வைத்து மெதுவாக, இரண்டு தரம் சொன்னார். மயில்துத்தம் அரை இறாத்தல், புதுச் சுண்ணாம்பு அரை இறாத்தல். இரண்டையும் தனித் தனி மண்பானையில் கரைத்துப் பிறகு ஒன்றாக ஊற்ற வேண்டும். இரும்பு வாளி, தகரம் எதுவும் கூடாது. கலந்த பிறகு, மினுக்கின கத்தி ஒன்றைக் கொஞ்ச நேரம் அதில் தோய்த்துப் பார்க்க வேண்டும். கத்தி வெள்ளையாகவே இருந்தால் மருந்து சரி. கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு காணாது என்று அர்த்தம். அப்படியே தெளித்தால் இலை எரிந்துவிடும்.

"இன்னொண்டு," என்றார். "புள்ளி விழுந்த இலை திரும்ப நல்லா வராது. அதைப் பாத்துக் கவலைப்படாதேங்கோ. புது இலை சுத்தமா வருதோ எண்டு மட்டும் பாருங்கோ."

ஓட்டை வழியாக நீலக் கற்கண்டு மாதிரி ஒரு பொட்டலம் உள்ளே வந்தது. அரை இறாத்தல் மயில்துத்தம். ஐயாவின் பையில் இருந்தது அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கத்திக் கதையை ஐயா சொன்னபோது பக்கீர் மாமா அங்கே இல்லை. சந்தியில் யாரோ கருவாடு கேட்கிறார்கள் என்று எழுந்து போய்விட்டார். அவர் இருந்து கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் காலை ஸுஹறா நோய் இலைகளை எல்லாம் கிள்ளி எரித்தாள். பந்தல் இறகு பிடுங்கின கோழி மாதிரி நின்றது. பிறகு பானைகளை எடுத்தாள். மயில்துத்தம் கரைந்த தண்ணீர் எப்படி இருந்தது தெரியுமா? நல்ல வெயில் நாளில் ஆழக் கடல் இருக்குமே, அந்த நீலம். சுண்ணாம்புக்கு நான் என் வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பையும், பக்கத்து வீடுகளில் வாங்கினதையும் கொடுத்தேன். எல்லாம் பழசு, காற்றுப் பட்டுச் செத்த சுண்ணாம்பு. கலந்தாள். வீட்டுக் கத்தியை மணல் போட்டு மினுக்கித் தோய்த்தாள். வெளியே எடுத்தால் செக்கச் செவேல்.

"காணாது. புதுச் சுண்ணாம்பு வேணும்," என்றாள். கத்தியைப் பானை விளிம்பில் வைத்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிற பிரான்சிஸ்காவின் சூளைக்குப் பின் ஒழுங்கையால் ஓடினாள். போய்வர ஒரு மணி நேரம் ஆகும்.

பக்கீர் மாமா கிணற்றடிக்குக் கால் கழுவ வந்தார். கத்தியைக் கண்டார்.

"ஆமினா!" என்று கத்தினார். ஆமினா நான்தான். "ஆமினா, இஞ்ச ஓடி வா! இந்தக் கத்தி இரும்புக் கத்திதானே?"

"ஓம் மாமா."

"இப்ப இது என்ன?"

பார்த்தேன். செம்பு. புதுச் செம்புக் குடம் மாதிரிப் பளபளவென்று செம்பு. ஐயா சொன்னதெல்லாம் என் தலைக்குள் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் இரும்பு செம்பாகி நிற்கும்போது தலை வேலை செய்யுமா?

மாமா இடுப்பில் இருந்த பெட்டகச் சாவியை அவிழ்த்துத் தோய்த்தார். செம்பு! மீன் வெட்டுகிற கத்தியைத் தோய்த்தார். செம்பு! "மாஷா அல்லாஹ்! அந்தக் கந்தோர்க்காரன் சும்மா ஆள் இல்லை. இலைக்கு மருந்தெண்டு சொல்லி என்னத்தைக் குடுத்திருக்கிறான் பாத்தியோ?" என்று சொல்லிக்கொண்டே தெருவுக்கு ஓடினார். திரும்பி வரும்போது பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். தூண்டில் முள், ஆணி, அரிவாள், லாந்தரின் பிடி. ஒரு மனிதர் மாட்டு லாடன் கொண்டு வந்தார். மாட்டையே கொண்டு வரவில்லை என்பது பெரிய காரியம். எல்லோரும் வரிசையாகத் தோய்த்தார்கள். ஒவ்வொன்றும் சிவந்து வெளியே வரும்போது ஒரு கூச்சல். நானும் வீட்டுக்குள் ஓடி என் பாக்குவெட்டியை எடுத்து வந்து தோய்த்தேன். அதை ஸுஹறாவிடம் நான் பல காலம் சொல்லவில்லை.

கடைசியில் பக்கீர் மாமாவுக்குத் தம்முடைய வள்ளத்து நங்கூரம் ஞாபகம் வந்தது. நாலு பேர் தூக்கி வந்தார்கள். பானைக்குள் அது முழுக்கப் போகவில்லை. ஒரு கொழுக்கி மட்டும் உள்ளே, மற்றதெல்லாம் வெளியே, குளிக்க மறுக்கிற பிள்ளை மாதிரி. பக்கீர் மாமா அதைத் திருப்பித் திருப்பித் தோய்த்துக்கொண்டு இருந்தார்.

ஸுஹறா சுண்ணாம்புப் பெட்டியோடு வந்து நின்றாள். ஆம்பிளைகளைக் கண்டதும் முக்காட்டை இழுத்தாள். பானையைக் கண்டதும் முக்காட்டை மறந்தாள். அந்தக் கடல் நீலம் எங்கேயோ போய், வயல் மழைத்தண்ணீர் மாதிரி ஒரு மஞ்சள் பச்சைக் கலங்கல் மிஞ்சியிருந்தது.

"மாமா, என்ன செய்யிறீங்கள்?"

"செம்பு புள்ள, செம்பு! எங்கட நங்கூரம் செம்பு நங்கூரம்!"

அவள் ஒரு பிடி மணலை அள்ளி அந்தக் கொழுக்கியில் நாலு தேய்ப்புத் தேய்த்தாள். செம்பு மீன் செதிள் மாதிரி உரிந்து விழுந்தது. உள்ளே அதே கறுத்த இரும்பு. ஒவ்வொருத்தரும் தங்கள் தங்கள் சாமானைச் சாரத்தில் துடைத்துப் பார்த்துவிட்டு, சத்தம் இல்லாமல் படலையைத் தாண்டினார்கள்.

"மயில்துத்தத்தில இருந்த செம்பெல்லாம் உங்கட இரும்பில ஏறிட்டுது," என்றாள் ஸுஹறா. "என்ர மருந்தை உங்கட நங்கூரம் குடிச்சிட்டுது மாமா. இப்ப என்ன, நங்கூரத்தைப் பந்தலில கட்டித் தொங்க விடட்டோ?"

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஆனால் பக்கீர் மாமா நங்கூரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வெடித்தது. எனக்கும் வெடித்தது. நாங்கள் இரண்டு பேரும் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறச் சிரித்தோம். பக்கீர் மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பேச்சு பேச்சுதான். பெருநாளைக்குப் பத்துக் காய்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெருநாளுக்கு இன்னும் முப்பத்தைந்து நாள். அடுத்த நாள் அவர் பள்ளிவாசலுக்குப் போனபோது யாரோ ஒரு துருப்பிடித்த ஆணியை நீட்டி, "நானா, இதையும் ஒருக்கா மாத்தித் தாங்கோ," என்று கேட்டிருக்கிறார்கள். சந்தையிலும் கேட்டார்கள். கடற்கரையிலும் கேட்டார்கள். நாலாம் நாள் பக்கீர் மாமா யாரிடமும் சொல்லாமல் மன்னாருக்கு நடந்து போய், ஒரு முழு இறாத்தல் மயில்துத்தம் வாங்கி வந்து ஸுஹறாவுக்கு முன்னால் வைத்தார்.

"இது பயந்து வாங்கினதில்லை. என்ர நங்கூரம் குடிச்சது, நான் திருப்பித் தாறன்."

இந்த முறை புதுச் சுண்ணாம்பு. கத்தி வெள்ளையாகவே வந்தது. ஆனால் தெளிப்பது யார்? பந்தலோ தலைக்கு மேலே. மருந்தோ இலையின் முதுகில் பட வேண்டும். தெளிக்கிற குழாய் எங்களிடம் இல்லை. ஈர்க்குக் கட்டைப் பானையில் தோய்த்துக் கீழே நின்று மேலே உதற வேண்டும். ஸுஹறா உதறினாள், பாதிதான் எட்டியது.

"தள்ளு புள்ள," என்றார் மாமா. "வலை வீசுற கைக்கு இது ஒரு வேலையோ?"

அவர் வீசினார். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாக வீசினார். ஒவ்வொரு இலையின் முதுகிலும் மருந்து பட்டது. பட்டதெல்லாம் திரும்ப அவர் மேலேயே சொட்டியது. தொப்பி நீலம், சாரம் நீலம், நெஞ்சு வரைக்கும் இருந்த வெள்ளைத் தாடி முழுக்க வானத்து நீலம். ஸுஹறா சவுக்காரம் போட்டுக் கழுவச் சொன்னாள், கழுவினார், போகவில்லை. அந்த வெள்ளி வஸீர் படலையைத் திறந்து வாப்பாவைப் பார்த்ததும் சலாம் சொல்லவும் மறந்து அப்படியே வெளியே போய், இது தம்முடைய வீடுதானா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தார்.

பத்து நாள் கழித்து மறுபடியும் தெளித்தார்கள். இந்த முறை மாமா தாடியைத் துணியால் கட்டிக்கொண்டார். மருந்து பிந்தின நாட்களில் புதிதாகப் புள்ளி விழுந்த இலைகள் அப்படியே கிடந்தன. மாமா அவற்றைக் காட்டிக் காட்டி, "மருந்து பொய்," என்பார். ஸுஹறா அவருடைய கையைப் பிடிக்காத குறையாகக் கொடி நுனிக்கு இழுத்துப் போவாள். "அதைப் பாக்காதேங்கோ மாமா, இதைப் பாருங்கோ." புது இலை சுத்தமாக இருந்தது. அதற்கு அடுத்த இலையும் சுத்தம். கொஞ்ச நாளில் நான் வேலி வழியாகப் பார்த்தால், விடியற்காலையில் மாமா தனியே பந்தலுக்குக் கீழே நின்று ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார். என்னைக் கண்டால் இருமுவார்.

பூத்தது, பிஞ்சு விட்டது, ஈயக் குண்டு கட்டினாள். ஆனால் நாள் போதவில்லை. பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது முற்றாமல் பதமாக அறுக்கக்கூடியது எட்டு. மற்றதெல்லாம் விரல் அளவு.

"எட்டு," என்றாள் ஸுஹறா.

"பேச்சு பத்து," என்றார் மாமா, அவளைப் பார்க்காமல். எட்டையும் ஓலையில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார். அன்று பகல் முழுவதும் ஸுஹறா என் வீட்டில் இருந்து அரிசி புடைத்தாள். கிணற்றடிப் பக்கம் திரும்பவே இல்லை.

மாமா பின்னேரம் காயெல்லாம் விற்று வெறுங்கையோடு வந்தார். மறுநாள் கருவாட்டோடு மறுபடி போனார். திரும்பி வரும்போது தோளில் ஒரு சாக்கு. அதை ஸுஹறாவுக்கு முன்னால் மெதுவாக இறக்கினார், முட்டை இருப்பது போல.

"என்ன மாமா இது?"

"இலை."

"என்ன இலை?"

மாமா தொண்டையைச் செருமினார். நடந்தது என்னவென்றால், முதல் நாள் சந்தையில் காயை விற்றவர் வாயை மூடிக்கொண்டு விற்கவில்லை. நோயை எப்படிக் கண்டுபிடித்தார், எப்படி மருந்து கலந்தார், எப்படி வீசினார் என்று, ஸுஹறாவின் பெயரை ஓர் இடத்திலும் சொல்லாமல், பெரிய பிரசங்கமே செய்திருக்கிறார். தாடியில் மிஞ்சியிருந்த நீலம் அதற்குச் சாட்சி. கேட்டுக்கொண்டு இருந்த தோட்டக்காரர்கள் மறுநாள் வண்டியிலும் தலைச்சுமையிலும் நோய் பிடித்த இலைகளோடு வந்துவிட்டார்கள். தோடை இலை, வாழை இலை, பூசணி இலை, பயற்றை இலை. மாமாவுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியாது. 'வீட்டில வச்சுப் பாத்துச் சொல்லுறன்' என்று சொல்லி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

"அடம்பன் ஊர் அன்னப்பிள்ளை பெருநாள் கழிஞ்ச கையோட பதில் வேணுமெண்டு நிக்கிறா. பாத்துச் சொல்லு புள்ள."

ஸுஹறா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "எட்டுக் காய்தானே போனது மாமா. பேச்சு பத்து. நான் தோத்துப் போனன். தோட்டம் இல்லாதவளுக்கு இலை என்னத்துக்கு?"

"அதை விடு."

"எப்பிடி விடுறது? நீங்கள் சொன்ன சொல்லு."

மாமா சாக்கைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். அந்த நடுவேலி ஓலை இடுக்கில் என் கண்ணைப் பார்த்தார். இந்த முறை இருமவில்லை.

"சொன்ன சொல்லை நான் மாத்த மாட்டன்," என்றார். "எட்டுக் காய் சந்தைக்குப் போனது. மற்ற ரெண்டையும் என்ர நங்கூரம் திண்டது. மருந்து அண்டைக்கே தெளிச்சிருந்தால் அந்த ரெண்டும் காய்ச்சிருக்கும். எட்டும் ரெண்டும் எத்தினை?"

"பத்து," என்று வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் கத்தினேன்.

"உன்னை ஆர் கேட்டது? பத்து. கிணத்தடி இனி உன்ர, புள்ள. நான் கேக்க மாட்டன், என்ர மகனும் கேக்க மாட்டான். இப்ப இலையைப் பார்."

ஸுஹறா மணலில் சப்பாணி கட்டி உட்கார்ந்து சாக்கை அவிழ்த்தாள். நான் படலையைச் சுற்றி ஓடிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, வாழைச் சருகில் தனியாகச் சுற்றி, நாரால் கட்டின ஓர் இலை இருந்தது.

"இதைக் கவனமாப் பார்," என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. "தோடை இலை. வெள்ளை வெள்ளையாப் புள்ளி. அந்த மனுசன் அழாத குறை. மரத்தையே தறிக்கப் போறன் எண்டு நிக்கிறான்."

ஸுஹறா இலையை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள். நகத்தால் மெல்லச் சுரண்டினாள். வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாமாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"தறிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ மாமா. இது காகத்தின்ர எச்சம்."